தட்டைத் திரும்ப உள்ளே தள்ளியவர்

போன மாதம் எனக்கு முதுகில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. எடுத்து முடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் போனில் ஒரு செய்தி வந்துவிட்டது. அதில் நீல நிறத்தில் ஒரு வரி. அதைத் தொட்டால் படம் தெரியுமாம். யாரும் என்னை நிறுத்தவில்லை, காத்திருக்கச் சொல்லவில்லை, முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன்தான். ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "இது எனக்க படந்தானா மோளே?" என்று கேட்டேன். "எல்லாம் ஓட்டோமேட்டிக் அங்கிள்" என்று சிரித்தாள்.

கருங்கல் அக்கா அங்கே இருந்திருந்தால் என்னை அப்படிப் போக விட்டிருக்க மாட்டார்.

அக்கா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டோம். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்கேன் சென்டரில் சிடி எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நான் அந்த வாசலில் வாடகைக் கார் போட்டிருந்தேன். நோயாளிகளைப் படத்தோடு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பிழைப்பு. ஆகவே என் வண்டி கிளம்புவதும் கிளம்பாததும் அக்கா கையில் இருந்தது. இந்த உலகத்தில் நான் அதிகம் திட்டிய மனுஷி அவராகத்தான் இருப்பார். எல்லாம் மனசுக்குள்தான். நேரில் திட்டினால் அதையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லியிருப்பார்.

ஒரு ஆளை ஸ்கேன் எடுத்தால் கிடைப்பது ஒரு படம் அல்ல, சீட்டுக்கட்டு மாதிரி நூற்றுக்கணக்கில் வரும். அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒரே பொட்டலமாகக் கட்டி வைக்கும். அதற்கு இமேஜ் ஃபைல் என்று பெயர். அதிலிருந்துதான் சிடி எழுதுவார்கள். எழுதி முடிந்ததும் சிடி இருக்கும் தட்டு தானாக வெளியே நீளும். மற்ற சென்டர்களில் அந்த நேரம் சிடியை எடுத்து உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். அக்கா மட்டும் சுட்டுவிரலால் தட்டைத் திரும்ப உள்ளே தள்ளுவார். சிடியில் எழுதியதையும் அந்த மூலப் பொட்டலத்தையும் கம்ப்யூட்டர் ஆதியோடந்தமாக ஒத்துப் பார்க்கும். திரையில் ஒரு பட்டை ஊர்ந்துபோகும். அது ஊர்ந்து முடிந்து, கீழே பச்சை எழுத்தில் 'பொருந்துகிறது' என்று வந்தால்தான் சிடி வெளியே வரும்.

எழுதுகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் இதற்கும் ஆகும். தட்டு வெளியே நீளும்போது எனக்கு ஒரு உயிர் வரும். அது உள்ளே போகும்போது அந்த உயிர் போகும்.

"அக்கா, எழுதியாச்சுல்லா, தாங்கோ" என்பேன்.

"எழுதுனா போதுமா மக்கா? வாசிச்சுப் பாக்காண்டாமா?" என்பார். திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

இந்தப் புத்தி அவருக்குச் சிடியோடு நிற்கவில்லை. யாராவது போன் நம்பர் சொன்னால் எழுதிக்கொண்டு விடமாட்டார். அங்கேயே அடித்துப் பார்ப்பார். அவர்கள் பையில் மணி அடித்தால்தான் பேனாவை மூடுவார். சர்ச் பாடகர் குழுவில் சிறு வயதிலிருந்தே பாடுகிறவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாட்டு வரும், ஆனாலும் புத்தகத்தைத் திறந்து வரியில் விரல் வைத்துத்தான் பாடுவார். அவருடைய கல்யாணத்தில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தாராம். மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்த்து நனைந்துவிட்டார் என்று அவருடைய தங்கை சொல்லிச் சிரிப்பாள். அந்த மாப்பிள்ளை பிறகு குவைத்தில் இருந்தார். அவர் போனில் பேசி முடித்ததும், "இப்ப நான் சொன்னத ஒருக்கா சொல்லுங்கோ" என்று அக்கா கேட்பதை நானே காதால் கேட்டிருக்கிறேன். பாவம் அந்த மனுஷன்.

குள்ளமான உருவம். கண்ணாடிக்கு ஒரு கறுப்புக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். ஏசி அறைக்குள் தூசி வரக்கூடாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார். பொருந்தாத சிடி வந்தால் அதை ஒரு பழைய துவர்த்துத் துண்டில் சுற்றி இரண்டாக ஒடிப்பார். சில்லு தெறிக்காமல் இருக்கத்தான் துவர்த்து. உள்ளே இருந்து 'டப்' என்று சத்தம் கேட்டால் வாசலில் நிற்கும் எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு இன்னும் ஒரு சாயா குடிக்கலாம் என்று.

எனக்கு அவரிடம் பிரியம் இருந்ததா என்று கேட்டால், அந்தக் காலத்தில் பயந்தான் அதிகம். ஒருமுறை வலிப்பு வந்த பிள்ளையோடு ஒரு தாய் வாசலில் கதறிக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு நுரை தள்ளியது. நான் உள்ளே ஓடினேன். தட்டு அப்போதுதான் வெளியே வந்தது. அக்கா அதை உள்ளே தள்ளினார்.

"அக்கா, உங்களுக்கு மனசு உண்டா?" என்று கத்திவிட்டேன்.

"மனசு வீட்டுல இருக்கு. இஞ்ச கண்ணுதான்" என்றார்.

பட்டை ஊர்ந்தது. கடைசியில் சிவப்பு எழுத்து வந்தது. முதல் படங்கள் நன்றாக இருக்க, தலையின் அடிப்பாகம் வரும் கடைசிப் படங்கள் எழுதப்படவே இல்லை. துவர்த்தை எடுத்தார், ஒடித்தார், வேறு எழுதினார், அதையும் ஒத்துப் பார்த்தார். அன்று நான் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை பிழைத்தது. டாக்டர் பார்த்ததும் அந்தக் கடைசிப் படங்களைத்தானாம். அதற்குப் பிறகு நான் அவரைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

இதெல்லாம் சொல்வது, ஒருநாள் காலையில் நடந்ததைச் சொல்லத்தான்.

மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. முட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் என் வண்டிக்கு வந்திருந்தார்கள். அவர் பெயர் மரிய சூசை. வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவர், ஐம்பதை ஒட்டிய வயது. வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி ஜெசிந்தா. மூன்று வாரத்துக்கு முன் இதே சென்டரில் மரிய சூசைக்கு வயிற்று ஸ்கேன் எடுத்ததில், வலது கிட்னியில் கட்டி என்று ரிப்போர்ட் வந்திருந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாதத்தில் ஒரே ஒருநாள் ஒரு பெரிய டாக்டர் வருவார். அன்று அவர் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு மறுநாளே ஆபரேஷன். கட்டியோடு அந்தக் கிட்னியையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒருநாள் அன்றுதான். நாலு மணிக்கு டோக்கன். ஜெசிந்தா அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். டாக்டருக்கு ரிப்போர்ட் போதாது, சிடி வேண்டும்.

"நேரத்துக்குப் போயிரலாமா தம்பி?" என்று என்னிடம் கேட்டாள்.

"அக்கா விட்டா போயிரலாம்" என்றேன்.

நானும் ஜெசிந்தாவும் உள்ளே போய்க் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றோம். தட்டு வெளியே வந்தது, உள்ளே போனது. பட்டை ஊர்ந்து பச்சை எழுத்து வந்தது. அதன் பிறகும் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிடியிலிருந்து முதல் படம், நடுப் படம், கடைசிப் படம் மூன்றையும் திறந்து பார்ப்பார். முதல் படம் எக்ஸ்ரே போல இருக்கும். நெஞ்சிலிருந்து இடுப்பு, தொடை வரைக்கும் முழு ஆளும் அதில் தெரியும். அக்கா அதைத் திறந்தபோது ஜெசிந்தா ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, கம்பி எங்க?" என்றாள்.

"எந்தக் கம்பி?"

"அவருக்க இடுப்புல வச்ச கம்பி. பாறையில தெத்தி விழுந்தப்ப வச்சது. எக்ஸ்ரேயில வெள்ளவெளேருன்னு நிக்கும். இதுல காணல்லியே."

அக்கா திரையின் அடியைப் பார்த்தார். பச்சை எழுத்து அப்படியே இருந்தது. "ஒத்துப் பாத்தாச்சு மக்கா. ஒறிஜினல்ல என்ன உண்டோ அதுதான் சிடியில உண்டு" என்றார்.

ஜெசிந்தா சத்தத்தை உயர்த்தவில்லை. "உண்டாயிருக்கும் அக்கா. கம்பி இல்லியே" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. கேரள எல்லையான களியக்காவிளையில் வண்டிகள் அடைத்துக்கொள்ளும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஜெசிந்தாக்கா, அவிய ஒத்துப் பாத்தா பாத்ததுதான். வாங்கோ" என்றேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் சிடிக்காகக் காத்து நின்றார்கள். "சிடி பொருந்துதுல்லா? பிறகென்ன, குடுத்து விடுங்கோ" என்று அவரும் சொன்னார்.

அக்கா கொடுக்கவில்லை. தட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார். பட்டை முதலிலிருந்து ஊர ஆரம்பித்தது. வெளியே காருக்குள் அந்த மனுஷன் வலியோடு முனகுவது கேட்டது. பட்டை முடிந்து மறுபடியும் பச்சை எழுத்தே வந்தது.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பயத்தைக் கண்டது அப்போதுதான். பொருந்தாத சிடியை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பொருந்திய சிடியை என்ன செய்வது என்று தெரியவில்லை. துவர்த்தை எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு எழுந்து, செருப்புப் போடக்கூட நிற்காமல், வெறுங்காலோடு வெயிலில் இறங்கி என் காருக்கு நடந்தார்.

கதவைத் திறந்து, "எந்தப் பக்கம் கம்பி வச்சது?" என்று கேட்டார்.

மரிய சூசை கூச்சப்பட்டார். ஜெசிந்தா கைலியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். இடது இடுப்பில் சாண் நீளத்துக்குத் தழும்பு, தையல் போட்ட புள்ளிகளோடு. அக்கா குனிந்து பார்த்தார்.

"கம்பி இப்பளும் உள்ள உண்டா? எடுத்தியளா?"

"உள்ளதான் கெடக்கு. மழ வந்தா கடுக்கும்" என்றார் அவர்.

அக்கா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஒறிஜினல் இஞ்சல்லா இருக்கு" என்றார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

உள்ளே திரும்பிப் போய் மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த நாளின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். திரையில் இன்னொரு மரிய சூசையின் பெயர் வந்தது. ஊர் முட்டம். வயது மட்டும் பத்துப் பன்னிரண்டு கூடுதல். முதல் படத்தைத் திறந்தார். இடது இடுப்பில் கம்பி வெள்ளையாக நின்றது.

படம் வாசிக்கும் டாக்டர் நாகர்கோவிலில் இருந்தார். அக்கா அவரைப் போனில் பிடித்தார். அவர் தன் கம்ப்யூட்டரில் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். அக்கா போனைச் சத்தமாக வைத்திருந்தார், எங்களுக்கும் கேட்டது. மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம். பிறகு, "பெயர் மாறிப் போச்சும்மா" என்றார். கம்பி இருக்கிறவருக்குக் கட்டி கிடையாது, கிட்னியில் ஒரு சின்னக் கல்தான், மருந்திலேயே போகும். கட்டி இருப்பது மற்றவருக்கு. இரண்டு ரிப்போர்ட்டையும் திருத்தி உடனே அனுப்புவதாகச் சொன்னார். "அந்த ஆளை இன்னைக்கே அனுப்புங்க. ஏற்கனவே மூணு வாரம் போச்சு. இதுக்கு மேல தள்ளக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "கிட்னிய எடுக்காண்டாம், கிட்னிய எடுக்காண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "மத்தது ஆரு?" என்று கேட்டாள்.

அக்கா வயதைச் சொன்னார்.

"ஏசுவே, நம்ம சிலுவைமுக்கு மாமா" என்றாள் ஜெசிந்தா.

கடற்கரையில் ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். ஊரில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. வீட்டுப் பெயர்தான் ஓடும். என் காரில் இருந்தவர் லைட்டவுஸ்காரர், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் வீடு. மற்றவர் சிலுவைமுக்குக்காரர், சிலுவை நிற்கும் மூலையில் வீடு. ஸ்கேன் எடுத்த அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லைட்டவுஸ்காரர் விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "உள்ள இருந்து பேரு விளிச்சப்ப நாங்க ரெண்டு பேரும் எழும்புனோம். எனக்க சீட்டுதான் மொதல்ல இருந்துது போல. மூத்தவரு நிக்கும்ப நான் எப்பிடி முன்ன போறது? நீங்க முன்ன போங்கோ மாமான்னு சொன்னேன். அவரு போனாரு" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. மரியாதைக்கு ஒருவர் வழிவிட்டார். இருவர் வயிறும் மாறிப்போயின. அதன் பிறகு எழுதியதெல்லாம் சரியாக எழுதப்பட்டது, ஒத்துப் பார்த்ததெல்லாம் சரியாகப் பொருந்தியது.

சிலுவைமுக்குக்காரர் மூன்று வாரமாகத் தனக்குக் கல்தான் என்று நம்பி வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் நம்பரை அடித்தார். முன்பே அடித்துப் பார்த்த நம்பர் என்பதால் உடனே போனது. மறுமுனையில் ஒலிபெருக்கிச் சத்தம். ஊரில் திருவிழாக் கொடி ஏறியிருந்தது.

"வீட்டுல இருங்கோ, ஒரு காரியம் உண்டு, நாங்க வாறோம்" என்றார் அக்கா.

"வாங்கோ வாங்கோ. நான் எங்கயும் போவமாட்டேன். கொடி எறங்காம ஊரு எல்ல தாண்டமாட்டேன்" என்று அவர் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

திருத்திய பெயரோடு சிலுவைமுக்குக்காரருக்குப் புதிய சிடி எழுதினார். தட்டு வெளியே வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இந்தப் பக்கம் முட்டம், அந்தப் பக்கம் திருவனந்தபுரம், நாலு மணி டோக்கன். அக்கா தட்டை உள்ளே தள்ளினார். நான் வாயைத் திறக்கவில்லை. பச்சை எழுத்து வந்ததும் சிடியை உறையில் போட்டுக்கொண்டு, கையெழுத்தாகி வந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் காரில் போய் ஏறினார்.

"நீங்க எங்க போறிய?" என்று மேனேஜர் வாசல்வரை ஓடிவந்தார். "இஞ்ச ஆளுவ நிக்காவல்லா?"

"ஆள ஒத்துப் பாக்கப் போறேன்" என்றார் அக்கா.

குளச்சல் வழியாக முட்டத்துக்கு விரட்டினேன். ஜெசிந்தாவின் சந்தோஷம் முகத்திலிருந்து எப்போதோ வடிந்துவிட்டது. பிழைத்தது தன் புருஷன், சிக்கியது தெரிந்த மனுஷன். அவளால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அக்கா சிடி உறையை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தார், பிரேக் போட்டபோதெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

சிலுவைமுக்குக்காரர் கோயில் முற்றத்தில் சீரியல் பல்பு மாலையைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நல்ல உற்சாகம். எங்களைக் கண்டதும், "ஏலே லைட்டவுஸு, ஆஸ்பத்திரிக்குப் போவல்லியா?" என்றார்.

அக்கா முன்னால் போனார். "உங்களுக்கு முன்ன வயித்துல ஆப்பரேஷன் வல்லதும் பண்ணியிருக்கா?"

"உண்டு. பித்தப்பைய எடுத்தாவ" என்று சட்டையைத் தூக்கி வலது பக்கத்துச் சின்னத் தழும்புகளைக் காட்டினார். அந்தப் படத்தில் அதே இடத்தில் சின்னதாக இரண்டு வெள்ளைக் கிளிப்பு இருப்பதை அக்கா காரில் ஏறுமுன் எனக்குக் காட்டியிருந்தார். அக்கா தலையை ஆட்டினார். பொருந்திவிட்டது. அது பொருந்தாமல் போயிருக்கக் கூடாதா என்று அவர் நினைத்திருப்பார். நான் நினைத்தேன்.

சொல்லும் வேலையை லைட்டவுஸ்காரர் எடுத்துக்கொண்டார். பல்பு மாலையை மூத்தவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். மூத்தவர் கேட்டு முடித்துக் கொடிமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"செரி. கொடி எறங்கட்டு. அதுக்குப் பொறவு போவலாம்" என்றார்.

"டாக்டரு இன்னைக்கு விட்டா அடுத்த மாசந்தான் மாமா" என்றார் லைட்டவுஸ்காரர்.

"நான் சின்னப் பிராயத்துல இருந்து கொடி ஏறுன பொறவு ஊரத் தாண்டுனதில்ல. கடலுக்குக்கூடப் போனதில்ல. எனக்கு ஒண்ணும் வராது."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு நேரம் ஓடுவது காதில் கேட்டது. அக்கா கொடியேற்றும் வழக்கமில்லாத வேறு கிறிஸ்தவச் சபைக்காரர். அவர் கொடியைப் பற்றி இவரிடம் என்ன பேச முடியும்? கிழவரைத் தூக்கிக் காரில் போடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

லைட்டவுஸ்காரர் ஜெசிந்தாவிடம் கையை நீட்டினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டோக்கனைக் கொடுத்தாள். அவர் அதை மூத்தவரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"நம்ம பேருதான் எழுதியிருக்கு, பாருங்கோ. அன்னைக்கு நான் உங்கள முன்ன போவச் சொன்னேன். நீங்க மறுக்காமப் போனிய. இன்னைக்கும் நான்தான் சொல்லுதேன். முன்ன போங்கோ மாமா."

மூத்தவர் டோக்கனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடிமரத்தின் அடியில் மடித்து வைத்தார். "நான் வாற வரைக்கும் இது இஞ்ச கெடக்கட்டு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் வீட்டம்மா மாற்று வேட்டியை ஒரு பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்து பக்கத்தில் ஏறினார். ஜெசிந்தா கீழே நிற்க லைட்டவுஸ்காரர் கம்பத்தில் ஏறி மீதிப் பல்பைக் கட்ட ஆரம்பித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன், இடுப்புக் கம்பியோடு.

மறு வருடம் அந்தக் கொடி ஏறியபோது கயிறு பிடித்தவர்களில் சிலுவைமுக்குக்காரரும் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். ஆளைப் பாதியாக இளைக்க வைத்துவிட்டார்கள், ஆனால் சத்தம் பழைய சத்தம்தான்.

அன்று நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். அக்கா முதலில் கவுண்டருக்குப் போய் நடந்ததைச் சொல்லி, டோக்கனில் வயதைத் திருத்தச் சொல்லிச் சண்டை போட்டார். திருத்திய பிறகு அதை வாங்கி ஒருமுறை வாசித்தார். கூடத்தில் நெரிசல். சிலுவைமுக்குக்காரரும் வீட்டம்மாவும் பெஞ்சில் உட்கார, நாங்கள் சுவரோரம் நின்றோம். உள்ளே இருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "மரிய சூசை" என்று கூப்பிட்டாள்.

மூத்தவர் எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உங்களுக்க பேரென்ன?"

"மரிய சூசை."

"வீட்டுப் பேரு?"

"சிலுவைமுக்கு" என்றார் அவர்.

"போங்கோ" என்று சிடியை அவர் கையில் கொடுத்தார் அக்கா.

கதவு மூடிய பிறகு அக்கா காலியான பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எனக்க செருப்பு எங்க மக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

கருங்கலில் ஏசி அறை வாசலில் கிடந்தது அது. கருங்கலிலிருந்து முட்டம், முட்டத்திலிருந்து திருவனந்தபுரம், அந்த மனுஷி வெறுங்காலோடு வந்திருக்கிறார். பாதமெல்லாம் செம்மண்.

"ஒத்துப் பாக்காம எறங்கிட்டியளே அக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைக் கையில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நான் என் செருப்பைக் கழற்றி அவர் காலுக்கு முன்னால் வைத்துவிட்டு, எனக்கும் கண் நிறைந்ததால், வண்டியைப் பார்க்கப் போகிறவன் போல வெளியே நடந்தேன்.